வெட்டுப்பட்ட லீ-என்ஃபீல்டு: பழையபடி ஆக்குவதா, அப்படியே விடுவதா?

கனடாவில் பழைய துப்பாக்கி விற்கும் எந்தக் கடைக்குப் போனாலும் ஒரு மூலையில் இது சாத்தி வைத்திருக்கும். முன்பாதிக் கட்டை அறுபட்டு, குழல் மொட்டையாக வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் லீ-என்ஃபீல்டு நம்பர் 4, இரண்டாம் உலகப் போர்க்காலத்து பிரிட்டிஷ் ராணுவ ரைஃபிள். நம் ஊர்க்காரர்களுக்கு இந்தக் குடும்பம் புதிதில்லை. 'த்ரீநாட்த்ரீ' (.303) என்றால் போலீஸ்காரர் தோளில் தொங்கும் அந்தக் கனத்த துப்பாக்கிதான் நினைவுக்கு வரும். அது பெரும்பாலும் வங்காளத்தின் இஷாப்பூர் தொழிற்சாலையில் செய்த முந்தைய ரகம். உத்தரப் பிரதேச போலீஸ் 2020 குடியரசு தின அணிவகுப்போடுதான் அதற்கு விடை கொடுத்தது. அந்தப் பழக்கத்தினாலேயே, முறையான உரிமம் எடுத்து ராணுவ ரைஃபிள் சேகரிக்க ஆரம்பிக்கும் தமிழர்களின் கை முதலில் லீ-என்ஃபீல்டின் பக்கம் போகிறது. அதிலும் கட்டை அறுத்த 'ஸ்போர்ட்டர்' விலை குறைவு என்பதால் அதுவே வீட்டுக்கு வந்துவிடுகிறது.

வந்ததும் கேள்வி எழும். இதை என்ன செய்வது? ராணுவத்தில் இருந்த கோலத்துக்குத் திருப்பலாம். வேட்டைத் துப்பாக்கியாகவே விட்டுவிடலாம். எல்லாவற்றையும் தேய்த்து மெருகேற்றிப் புதிதுபோல ஆக்கலாம். அல்லது கொடுத்துவிட்டு, வெட்டுப்படாத ஒன்றை வாங்கலாம். இந்த நான்கையும் ஒரே தட்டில் வைக்க முடியாது. ஒன்று செய்தபின் பின்வாங்க வழியே இல்லாதது. இன்னொன்றை அடுத்த வருடம்கூட மாற்றிக்கொள்ளலாம். எனக்கு இந்த வித்தியாசம்தான் முக்கியம், விலை அதற்கு அடுத்துத்தான்.

முதலில் ஏன் இப்படி வெட்டினார்கள் என்று பார்ப்போம், ஏனென்றால் அதிலேயே பாதிப் பதில் இருக்கிறது. 1945-க்குப் பிறகு லட்சக்கணக்கான ரைஃபிள்கள் உபரியாகிக் குறைந்த விலைக்கு வெளியே வந்தன. கனடாவின் கிராமப்புறத்தில் மான், மூஸ் வேட்டைக்குப் போகிறவருக்குக் கிட்டத்தட்ட 4 கிலோ எடையும் பயோனெட் என்ற கத்தியை மாட்டும் முனையும் எதற்கு? முன்கட்டையை ரம்பத்தால் அறுத்து, குழலை மேலே மூடியிருக்கும் மர மேல்மூடிகளைக் கழற்றி எறிந்தால் எடை குறைந்தது, காட்டில் தூக்கி நடக்கச் சுலபமாயிற்று. சிலர் குழலையும் வெட்டினார்கள். இங்கிலாந்தின் பார்க்கர்-ஹேல் போன்ற நிறுவனங்கள் இதையே ஒழுங்கான தொழிலாகச் செய்து விற்றன. இன்று சேகரிப்பாளர்கள் பலர் இவர்களைத் திட்டுகிறார்கள். எனக்கு அதில் உடன்பாடு இல்லை. குளிர்காலத்துக்கு இறைச்சி சேர்க்க வேண்டியிருந்த குடும்பத்துக்கு அது ஒரு கருவி. அன்றைக்கு அது அரும்பொருளும் இல்லை.

ஆனால் அந்த ரம்பத்துக்கு முன்னால் அது என்னவாக இருந்தது என்பதும் தெரிய வேண்டும். குழலுக்குப் பின்னால் இருக்கும் உலோக உடலான ரிசீவரின் இடது பக்கத்தில் 'லாங் பிராஞ்ச்' என்று ஆங்கிலத்தில் வெட்டியிருந்தால், அது டொரண்டோவுக்கு மேற்கே ஒண்டாரியோ ஏரிக்கரையில் இருந்த ஆயுதத் தொழிற்சாலையில் பிறந்தது. 1941-இல் அங்கே உற்பத்தி தொடங்கியது. 9 லட்சத்துக்கும் மேற்பட்ட நம்பர் 4 ரைஃபிள்கள் அங்கிருந்து வெளியேறின. வேலை செய்தவர்களில் பெரும்பகுதி பெண்கள். செய்து முடித்த ஆயுதங்களைச் சோதித்த கட்டடம் மிசிசாகாவில் லேக்‌ஷோர் சாலையோரம் இன்னும் நிற்கிறது, இப்போது கலைக்கூடமாக. நம்மவர்கள் எத்தனையோ பேர் தினமும் அதைக் கடந்து வேலைக்குப் போகிறார்கள். இந்த ரைஃபிளில் தோட்டாவை அறைக்குள் தள்ளி மூடும் போல்ட்டையும், தோட்டாப் பெட்டியான மேகசினையும் வடிவமைத்த ஜேம்ஸ் பாரிஸ் லீயும் ஸ்காட்லாந்தில் பிறந்து ஒண்டாரியோவில் வளர்ந்தவர்தான். கனடாவின் வடக்கே ரோந்து போகும் ரேஞ்சர்கள் 1947 முதல் சி-19 ரைஃபிள் வரும்வரை இதையே சுமந்தார்கள். இத்தனை கதையும் அந்த மொட்டைக் குழலுக்குப் பின்னால் இருக்கிறது என்று தெரிந்துகொண்டு கையில் எடுத்தால், அவசரப்பட்டு உப்புத்தாள் வாங்கக் கடைக்கு ஓட மாட்டோம்.

முடிவெடுக்கும் முன் பார்க்க வேண்டியவை

மேகசினைக் கழற்றி, போல்ட்டைத் திறந்து, அறையில் தோட்டா இல்லை என்பதைக் கண்ணாலும் விரலாலும் உறுதி செய்துகொள்ளுங்கள். அதன்பிறகு குழலின் முனைக்குப் போங்கள்.

நம்பர் 4-இல் பயோனெட் பிடித்துக்கொள்ளும் காதுகள் குழலிலேயே அமைந்தவை. அவற்றுக்குச் சற்றுப் பின்னால்தான் குறிபார்க்க உதவும் முன்பார்வைக் கட்டை உட்காரும். முழுக் குழல் 25.2 அங்குலம். போல்ட்டை மூடிவிட்டு, குழல்முனை வழியே ஒரு மரக்குச்சியை உள்ளே விட்டு, போல்ட் முகத்தில் முட்டும் இடத்தை அடையாளம் வைத்து அளந்தால் தெரிந்துவிடும். காதுகளும் இருந்து, நீளமும் சரியாக இருந்தால், அந்த வேட்டைக்காரர் கட்டையை மட்டும்தான் வெட்டியிருக்கிறார். உலோகம் முழுசாக இருக்கிறது. இது நல்ல செய்தி. காதுகள் இல்லை, குழல் இரண்டு மூன்று அங்குலம் குறைவு, முன்பார்வை புதிதாக வைத்தது என்றால் கணக்கே வேறு.

அடுத்து ரிசீவர். தொலைநோக்கி மாட்ட மேலே துளை போட்டிருக்கிறதா? இருந்தால் உடனே முகம் சுளிக்க வேண்டாம். இடது பக்கத் துளைகளைக் கவனமாகப் பாருங்கள். போர்க்காலத்தில் குறிபார்த்துச் சுடுபவர்களுக்கென்று தேர்ந்தெடுத்து மாற்றிய நம்பர் 4 'டி' (T) ரகமும் பின்னாளில் உபரியாக விற்கப்பட்டது. அவற்றில் சில தொலைநோக்கியை இழந்து, கட்டை வெட்டுப்பட்டு, சாதாரண ஸ்போர்ட்டர்போலக் கிடக்கும். ரிசீவரில் 'T' என்ற ஆங்கில எழுத்து முத்திரை இருந்தால் எதையும் தொடாமல், விவரம் தெரிந்தவரிடம் காட்டுங்கள். அதே எழுத்தைப் போலியாக அடித்து விற்பவர்களும் உண்டு என்பதால் நம்பவும் அவசரம் வேண்டாம்.

பிறகு எண்கள். ரிசீவரில் இருக்கும் வரிசை எண்ணும் போல்ட் கைப்பிடியின் பின்பக்க எண்ணும் ஒன்றாக இருக்கின்றனவா? லாங் பிராஞ்சில் எண்ணுக்கு நடுவே 'எல்' என்ற ஆங்கில எழுத்து வரும். ஒன்றாக இருந்தால் மதிப்பும் கூடுகிறது, பாதுகாப்பும் கூடுகிறது. போல்ட் மாறியிருந்தால், சுடும் எண்ணம் இருக்குமானால், துப்பாக்கித் தச்சரிடம் கொடுத்து அளவுகோல் போட்டுப் பார்க்காமல் ஒரு தோட்டாகூடப் போடக் கூடாது. ராணுவக் கணக்கில், மூடிய போல்ட்டின் முகத்துக்கும் குழலின் பின்முனைக்கும் நடுவே உள்ள இடைவெளி .064 முதல் .074 அங்குலத்துக்குள் இருக்க வேண்டும். அதைச் சரிசெய்யவே நம்பர் 4-க்கு 0, 1, 2, 3 என்று நான்கு அளவில் போல்ட் தலைகள் செய்தார்கள்.

குழலின் உள்ளே வெளிச்சம் விட்டுப் பாருங்கள். பழைய ராணுவத் தோட்டாக்களில் மருந்தைப் பற்றவைக்கும் பிரைமர், சுட்டபின் ஒருவகை உப்பை விட்டுச் செல்லும். அது காற்றின் ஈரத்தை இழுத்துத் துருவை வரவழைக்கும். எண்ணெயில் அது கரையாது, வெந்நீர்தான் கழுவும். சுட்டுவிட்டு எண்ணெய்த் துணியோடு நிறுத்திக்கொண்டவர்கள் கையில் இருந்த துப்பாக்கிகளின் குழல் அம்மைத் தழும்பாக இருக்கும்.

ராணுவக் கோலத்துக்குத் திருப்புவது

குழல் வெட்டுப்படவில்லை, ரிசீவரில் புதுத் துளை இல்லை, போல்ட் எண் பொருந்துகிறது. இந்த மூன்றும் இருந்தால் நான் தயங்காமல் இந்த வழியைச் சொல்வேன். வெட்டுப்பட்ட முன்கட்டையை எடுத்துவிட்டு முழு முன்கட்டை, இரண்டு மேல்மூடிகள், நடுப்பட்டை, முன்பட்டை, சில திருகுகள். அவ்வளவுதான் தேவை. உலோகத்தில் எதையும் மாற்றுவதில்லை. நாளைக்கு யாராவது வேண்டாம் என்றால் நான்கு திருகில் பழைய நிலைக்குப் போய்விடலாம்.

இங்கே ஒரு சங்கடமான செலவுக் கணக்கு இருக்கிறது. கட்டை ஒரு கடையில், பட்டை இன்னொரு கடையில், திருகு வேறெங்கோ என்று தனித்தனியாக வாங்கி, தபால் கூலியும் கொடுத்தால், முழு ரைஃபிளுக்கும் ஸ்போர்ட்டருக்கும் இருந்த விலை வித்தியாசம் பெரும்பாலும் கரைந்தே போகும். லாபத்துக்காக இதைச் செய்ய நினைத்தால் வேண்டாம். அந்தத் துப்பாக்கி மறுபடி முழுசாக நிற்பதைப் பார்க்க ஆசை இருந்தால் மட்டும் செய்யுங்கள்.

கட்டை வாங்கும்போது, புதிதாகச் செய்த நகலைவிட அந்தக் காலத்துப் பழைய கட்டை நூறு மடங்கு மேல். பழைய மரம் காய்ந்து அடங்கியது, இனிமேல் முறுக்கிக்கொள்ளாது. நிறமும் பின்கட்டையோடு ஒத்துப்போகும். நம்பர் 4-இன் பிற்கால வகையான மார்க் 2 ரகத்தின் முன்கட்டை பின்முனையில் வேறு மாதிரி வெட்டப்பட்டிருக்கும், ஏனென்றால் அதில் விசை ரிசீவரிலேயே தொங்குகிறது. அதற்கு முந்தைய மார்க் 1, மார்க் 1 ஸ்டார் ரகத்துக்கு உரியதா என்று கேட்டு வாங்குங்கள்.

பொருத்தும் வேலைதான் உண்மையான வேலை. முன்கட்டையின் பின்முனையில், உள்பக்கமாக, இரண்டு தாங்குமுகங்கள் இருக்கும். சுடும்போது ரிசீவர் பின்னால் உதைத்து அந்த இரண்டு முகங்களில்தான் முட்டும். இரண்டும் ஒரே நேரத்தில், ஒரே அளவில் முட்ட வேண்டும். ஒரு பக்கம் மட்டும் முட்டினால் சில நாளில் கட்டை அந்தப் பக்கம் பிளக்கும். ரிசீவரின் பின்பகுதியில் லேசாக நீலச் சாயம் தடவி, கட்டையை மாட்டி, கழற்றிப் பார்த்தால் எங்கே ஒட்டியிருக்கிறது, எங்கே ஒட்டவில்லை என்று தெரியும். உயரமாக இருக்கும் இடத்தை உளியால் துளித்துளியாகச் சீவ வேண்டும். தாழ்ந்திருந்தால் மெல்லிய மரத்துண்டை ஒட்டி மறுபடி சீவ வேண்டும். முன்முனையில் கட்டை குழலைச் சில பவுண்டு அழுத்தத்தோடு மேல்நோக்கித் தாங்கியிருக்க வேண்டும். விரலால் குழலைத் தூக்கிவிட்டால் 'டக்' என்று திரும்பி உட்கார வேண்டும். இடையில் எங்கும் கட்டை குழலை உரசக் கூடாது. ஒரு மழைநாள் முழுக்க இதில் போய்விடும், ஆனால் வீணான நாளாகத் தோன்றியதே இல்லை எனக்கு.

கையில் இருப்பது நம்பர் 4 அல்லாமல் முந்தைய நம்பர் 1 மார்க் 3 என்றால் ஒரு எச்சரிக்கை. பின்கட்டையைப் பிடித்திருக்கும் நீளமான திருகின் முனை சதுரமாக இருக்கும். அது முன்கட்டைக்குள் இருக்கும் ஒரு தகட்டில் போய் உட்கார்ந்திருக்கும். முன்கட்டையைக் கழற்றாமல் அந்தத் திருகைத் திருப்பினால், சதுரமுனை சுழன்று முன்கட்டையின் பின்முனையைப் பிளந்துவிடும். எப்போதும் முன்கட்டை முதலில், பின்கட்டை பிறகு. நூறாண்டு தாங்கிய மரம் அரை நிமிடத்தில் பாழாவது இப்படித்தான்.

குழல் வெட்டுப்பட்டிருந்தால்? அப்போது வேறு குழல் தேடி, தச்சரிடம் கொடுத்து மாற்றி, மறுபடி அளவு பார்க்க வேண்டும். செலவு எங்கேயோ போய்விடும். கிடைக்கும் நல்ல குழல்களும் குறைவு. இந்த இடத்தில் நான் நின்றுவிடுவேன்.

வேட்டைத் துப்பாக்கியாகவே விடுவது

குழல் வெட்டுப்பட்டவற்றுக்கு இதுதான் சரியான வழி என்பேன். அரைகுறையாக ராணுவ உடை போட்டு நிறுத்துவதைவிட, அறுபது எழுபது வருடம் ஒரு குடும்பத்தோடு காடு சுற்றியதை அப்படியே மதிப்பது மேல். பார்க்கர்-ஹேல் போன்ற நிறுவனம் செய்த ஸ்போர்ட்டர் என்றால் அதையே தேடிச் சேர்ப்பவர்கள் இருக்கிறார்கள். அதை ராணுவக் கோலத்துக்கு மாற்றுவது ஒரு முழுமையான பொருளைக் கலைத்து இன்னொரு அரைகுறைப் பொருளைச் செய்வதாகிவிடும். அப்பா வேட்டைக்கு எடுத்துப்போனது என்று பக்கத்து வீட்டுக்காரர் கொடுத்ததா? கட்டையில் அவர் கத்தியால் கீறிய எழுத்து இருக்கிறதா? அதைத் தேய்த்து எடுக்க உங்களுக்கு மனம் வருமா?

விடுவது என்றால் கவனிக்காமல் விடுவது இல்லை. மேலே படிந்த செந்துருவை நிறுத்த வேண்டும். இதற்கு எனக்குப் பிடித்த முறை கொதிநீர். பின்தகடு, விசைக்காப்பு மாதிரி தனியாகக் கழலும் இரும்புப் பாகங்களை முதலில் நன்றாக எண்ணெய் நீக்கிக் கழுவி, வாலை வடித்த நீரில் போட்டுக் கொதிக்க விடுங்கள். சிவப்பாக இருந்த துரு மெல்ல மெல்லக் கறுத்து, பட்டுப்போல ஒரு கறுப்புத் தூளாகும். செந்துரு வேதியியலில் நிலையான கருந்துருவாக மாறுவதுதான் இது. எடுத்துத் துடைத்து, மிக மெல்லிய எஃகுப் பஞ்சால் எண்ணெய் தொட்டு வருடினால், தளர்ந்த தூள் போய், கறுப்பு மட்டும் உலோகத்தோடு நிற்கும். கண்ணெதிரே சிவப்பு கறுப்பாகும்போது, எழுத்துகள் ஒவ்வொன்றாகத் தெளிந்து வரும். அமிலத்தில் போட்டால் துருவோடு சேர்ந்து பழைய நிறமும் போய், வெளிறிய சாம்பல் உலோகம் மிஞ்சும். இந்த முறையில் அது நடக்காது.

மரத்தில் பள்ளம் விழுந்திருந்தால் ஈரத்துணி வைத்து இஸ்திரிப் பெட்டியை லேசாகத் தொட்டால் ஆவியில் இழை உப்பி மேலே வரும். மேலே ஆளிவிதை எண்ணெய் உள்ளங்கையால் தேய்த்து, மீதியைத் துடைத்துவிட வேண்டும். ராணுவத்தில் பூசியதும் அந்த எண்ணெயே. துடைத்த துணியை மட்டும் உருட்டிக் குப்பையில் போடாதீர்கள். அந்த எண்ணெய் காயும்போது வெப்பம் விடும், சுருட்டி வைத்த துணி தானாகத் தீப்பிடிக்கும். விரித்துக் காயப்போடுங்கள், அல்லது தண்ணீரில் ஊறவைத்து மூடிய தகர டப்பாவில் போடுங்கள். கடைசியாக உலோகத்துக்கும் மரத்துக்கும் நுண்படிக மெழுகு ஒரு பூச்சு. அருங்காட்சியகங்கள் பயன்படுத்தும் சரக்கு அது.

புதிதுபோல மெருகேற்றுவது

இதைப் பற்றி நீளமாகப் பேச எனக்கு மனமில்லை. இணையத்தில் அதிகம் பேர் பார்ப்பது இந்த வீடியோக்களைத்தான். துருப்பிடித்த ஒன்று கண்ணாடியாக மின்னி வெளியே வரும். உப்புத்தாள் மரத்தில் முதலில் தின்பது முத்திரைகளை. கனடா அரசின் உடைமையைக் குறிக்கும் 'சி' எழுத்துக்குள் அம்புக்குறி, பரிசோதகர் அடித்த சின்ன அடையாளங்கள், எல்லாம் மில்லிமீட்டருக்கும் குறைவான ஆழம். தேய்த்த பின் மரம் உலோகத்தைவிடத் தாழ்ந்து போகும், பட்டைகள் லூசாகும். உருளைத்துணியில் மெருகேற்றிய உலோகத்தில் விளிம்புகள் மழுங்கும், திருகுத் துளைகள் குழிந்துவிடும், எழுத்துகள் கரைந்துவிடும். அதன்மேல் பளபளப்பான நீலக்கறுப்பு ஏற்றினால், போர்க்காலத்து மங்கலான கறுப்புக்கும் அதற்கும் சம்பந்தமே இருக்காது. இதில் எதையும் திரும்ப வைக்க முடியாது. ரம்பம் எடுத்த வேட்டைக்காரருக்காவது ஒரு தேவை இருந்தது.

ராணுவமே தன் பட்டறைகளில் ரைஃபிள்களைப் பிரித்து, பாகம் மாற்றி, மறுபூச்சுப் பூசியதே என்று சிலர் வாதிடுவார்கள். உண்மைதான். பிரிட்டனில் அப்படி முழுப் பழுதுபார்த்தவற்றில் அதற்கான எழுத்தும் ஆண்டும் பொறித்தார்கள், கறுப்புப் பெயிண்ட்டைக்கூடச் சூடேற்றிப் பூசினார்கள். ஆனால் அது அந்த ரைஃபிளின் பணிக்காலத்தில் நடந்தது, பதிவோடு நடந்தது. நாம் நம் கார் கொட்டகையில் செய்வதற்கு அந்தத் தகுதி வராது. பெரிய சேதம், குழிவிட்ட துரு, யாரோ ஏற்கெனவே தேய்த்துவிட்டது என்றால் மட்டும் மறுபூச்சைப் பற்றி யோசிக்கலாம்.

கொடுத்துவிட்டு முழுசாக ஒன்று வாங்குவது

முதல் ரைஃபிள் வாங்குபவருக்கு நான் சொல்வது இதைத்தான், அதாவது ஸ்போர்ட்டரை வாங்குவதற்கு முன்பே. வேலை செய்ய ஆசையா, வைத்துப் பார்க்க ஆசையா என்று கேட்டுக்கொள்ளுங்கள். பார்க்க ஆசை என்றால், கொஞ்சம் கூடப் பணம் சேர்த்து, எண்கள் பொருந்திய, அழுக்குப் படிந்த, யாரும் கை வைக்காத நம்பர் 4 ஒன்றை வாங்குங்கள். அழுக்கு நல்ல சகுனம். சேமிப்புக் கிடங்கின் பழைய மசகு காய்ந்து பழுப்பாக ஒட்டியிருந்தால் இன்னும் நல்லது. அதற்கு உள்ளே உலோகம் பத்திரமாகவே இருக்கும். இன்னொரு லாபமும் உண்டு. முழுசான ஒன்றைப் பிரித்துப் பார்த்துக் கற்றுக்கொண்டால், பட்டை எப்படி உட்காரும், எந்தத் திருகு எங்கே என்பது கைக்குப் பழகிவிடும். பிறகு ஸ்போர்ட்டரைத் திருப்பும் வேலை பாதி சுலபம்.

சட்டம் நாட்டுக்கு நாடு வேறு. கனடாவில் .303 ரைஃபிள், எத்தனை பழசாக இருந்தாலும், சட்டப்படி 'பழம்பொருள்' ஆகாது. உரிமப் பயிற்சி முடித்து அட்டை எடுத்த பிறகே வாங்க முடியும், பூட்டி வைப்பதற்கும் விதி உண்டு. அமெரிக்காவில் 1898-க்கு முன்னும் அந்த ஆண்டிலும் செய்தவைக்குத் தனிச் சலுகை இருக்கிறது, ஆனால் போர்க்கால நம்பர் 4 அதில் வராது. இந்தியாவில் .303 தடைசெய்யப்பட்ட ரகத்தில் சேரும், அங்கே இருக்கும் நண்பர்கள் அருங்காட்சியகத்தில் பார்த்துத் திருப்திப்பட வேண்டியதுதான்.

எந்த வழியை எடுத்தாலும் கழற்றிய பாகத்தை எறியாதீர்கள். அறுபட்ட முன்கட்டையைத் துணியில் சுற்றி, வரிசை எண்ணை எழுதிக் கட்டி வையுங்கள். மாற்று போல்ட்டிலோ கட்டையிலோ பொருந்தும் எண்ணை நீங்களாக அடிக்கவே அடிக்காதீர்கள். இந்த உலகில் அதற்குப் பெயர் மோசடி. விற்கும் நாள் வந்தால், முன்கட்டையும் மேல்மூடிகளும் பிற்பாடு மாற்றியவை என்று ஒரு தாளில் எழுதிக் கையெழுத்துப் போட்டு, பழைய கட்டையோடு சேர்த்துக் கொடுத்துவிடுங்கள்.